ஈசிஎச்எஸ் கார்டு பீரோவில் இருந்தால் போதாது: முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு நாள் இரவு 2 மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ்ஸின் கார்டு பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவியை எங்கே வைத்திருந்தார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். தேடி எடுத்துக்கொண்டு பக்கத்து டவுனில் இருந்த தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். கார்டை நீட்டினால், "இது இங்கே செல்லாது, அட்வான்ஸ் கட்டுங்கள்" என்றார்கள். கட்டினோம். நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்து, பில்லை எடுத்துக்கொண்டு ஈசிஎச்எஸ்ஸின் சொந்த மருத்துவ நிலையமான பாலிகிளினிக்குக்குப் போனபோது கேட்ட முதல் கேள்வி: "48 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னீர்களா?"

அப்படி ஒரு விதி இருப்பதே அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அந்த 48 மணி நேரமும் அவர் ஐசியூவில் இருந்தார். தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்து, மாதக்கணக்கில் அலைந்து, கட்டியதில் ஒரு பங்கு மட்டும் திரும்பி வந்தது.

அதனால்தான் இதைப் படைவீரருக்கு மட்டும் எழுதவில்லை. அவர் மனைவிக்கும், மகனுக்கும், மகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஈசிஎச்எஸ் நல்ல திட்டம். செலவுக்கு உச்சவரம்பு இல்லாத மருத்துவ வசதி நம் நாட்டில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? ஆனால் அது வரிசை தப்பினால் வேலை செய்யாத திட்டம். அந்த வரிசை வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், அதாவது ஈசிஎச்எஸ், 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் சிஜிஎச்எஸ் திட்டத்தை மாதிரியாக வைத்து உருவாக்கியது. பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத்துறைக்குக் கீழே வருகிறது.

முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் பென்ஷனும் இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. சர்வீஸ் பென்ஷன், டிஸெபிலிட்டி பென்ஷன், குடும்பப் பென்ஷன் எதுவானாலும் சரி. குறுகிய காலப் பணி அதிகாரிகளுக்கும், எமர்ஜென்சி கமிஷன் பெற்றவர்களுக்கும் 2019-ல் சில நிபந்தனைகளோடு கதவு திறந்தது. அக்னிவீரர்களாக 4 ஆண்டு முடித்து வெளியே வருபவர்களுக்கு அந்தத் திட்டத்தின் விதிகளில் ஈசிஎச்எஸ் இல்லை. வீட்டில் அக்னிவீர் இருந்தால் இதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொண்டு மருத்துவக் காப்பீட்டுக்குத் திட்டமிடுங்கள்.

2003 ஏப்ரலுக்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு உறுப்பினராவது கட்டாயம். பங்களிப்புத் தொகையை ஓய்வுக்காலப் பணத்திலேயே பிடித்துவிடுவார்கள். 2017 டிசம்பர் 29 முதல் உள்ள தொகை இது: ரெக்ரூட் முதல் ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. ஒரே தடவைதான். கடற்படையிலும் விமானப்படையிலும் அதற்கு இணையான ரேங்குக்கு இதே தொகை. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களும், போரில் கணவரை இழந்த பெண்களும் கட்ட வேண்டியதில்லை.

பழைய பென்ஷன்தாரர்கள் சிலர் இன்னும் சேராமல், மாதம் 1000 ரூபாய் மருத்துவப் படியை வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஈசிஎச்எஸ்ஸில் சேர்ந்தால் அந்தப் படி நின்றுவிடும் என்பதால் தயங்குகிறார்கள். என் கருத்து: தயங்காதீர்கள். ஒரு ஆஞ்சியோபிளாஸ்டி செலவுக்கு ஈடாக எத்தனை வருடப் படி வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், போதும்.

குடும்பத்தில் யார் யார்? மனைவி அல்லது கணவர். மகனுக்குத் திருமணம் ஆகும் வரை, அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை, அல்லது 25 வயது வரை, இதில் எது முந்தியோ அதுவரை. மகளுக்கு வயது வரம்பு இல்லை. திருமணம் ஆகும் வரை அல்லது வேலைக்குப் போகும் வரை உண்டு. கணவரை இழந்து, அல்லது மணமுறிவாகி, பெற்றோரைச் சார்ந்து இருக்கும் மகளும் தகுதி பெறுவார். பலருக்கு இது தெரியாது. உடல் அல்லது மனக் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க உண்டு. உங்களைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவும் வரலாம். அவர்களுக்கான மாத வருமான வரம்பு அகவிலைப்படி நீங்கலாக 9,000 ரூபாய்.

கார்டுக்கு முன்னால் பெயரைச் சரிபாருங்கள்

விண்ணப்பம் இப்போது முழுக்க ஆன்லைன்தான். ஈசிஎச்எஸ் இணையதளத்தில் பதிவு செய்து, பிபிஓ (பென்ஷன் ஆணை), டிஸ்சார்ஜ் புக் (பணியிலிருந்து வெளியே வரும்போது தரும் புத்தகம்), ஆதார், பான், புகைப்படம், சார்ந்திருப்போரின் ஆவணங்கள் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். இப்போது தரப்படுவது 64 கேபி ஸ்மார்ட் கார்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி கார்டு. கார்டு கைக்கு வரும்வரை தற்காலிக ஸ்லிப்பை வைத்துச் சிகிச்சை பெறலாம்.

வேலை சுலபம்தான். ஆனால் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது பெயரில். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பட்டாளத்தில் சேர்ந்த அன்று எழுதியவர் வடக்கத்தி ஆளாக இருந்தால், இனிஷியலை விட்டிருப்பார், அல்லது அப்பா பெயரைக் கடைசியில் சேர்த்திருப்பார். டிஸ்சார்ஜ் புக்கில் "செல்வி", ஆதாரில் "தமிழ்ச்செல்வி", பிபிஓவில் எழுத்துப் பிழையோடு மூன்றாவதாக ஒன்று. எங்கள் வீட்டில் அம்மாவின் பிறந்த தேதி டிஸ்சார்ஜ் புக்கில் ஒன்றாகவும் ஆதாரில் வேறாகவும் இருந்தது. திருமணமானபோது அப்பா ஞாபகத்தில் இருந்து சொன்ன தேதியை யூனிட்டில் எழுதியிருக்கிறார்கள்.

சரி, எங்கே திருத்துவது? ஆதாரைத் திருத்தினால் தீருமென்றால் அதுதான் சீக்கிரம் முடியும். ராணுவப் பதிவேட்டில் உள்ளதே தவறு என்றால், அவரவர் பணிப் பதிவேட்டை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி, பார்ட் 2 ஆர்டர் என்ற திருத்த ஆணையை வெளியிடச் சொல்ல வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்இஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு. ஜில்லாவில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதற்கான கடிதம் எழுத உதவுவார்கள், போய்க் கேளுங்கள். பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் தளத்துக்கு மாறியபோது வந்த புதிய பிபிஓவிலும் மனைவி பெயர், பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். உயிரோடு இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை, அவர் போன பிறகு அந்த அம்மாவை ஒரு வருடம் அலைய வைக்கும்.

பாலிகிளினிக்: எல்லாம் தொடங்கும் இடம்

ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு தாய் பாலிகிளினிக் உண்டு. நீங்கள் வீடு மாறினால் அதையும் ஆன்லைனில் மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சென்னை, வேலூர், கோவை, மதுரை, திருச்சி என்று பல ஊர்களில் இருக்கின்றன. வெளியூர் போயிருக்கும்போது இந்தியாவில் எந்தப் பாலிகிளினிக்கிலும் கார்டைக் காட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

போனதும் கார்டைப் பதிவு செய்து டோக்கன் வாங்க வேண்டும். கார்டு அசல் வேண்டும், நகலோ கைப்பேசியில் எடுத்த படமோ போதாது. பிறகு மெடிக்கல் ஆபீசர் பார்ப்பார். பெரிய பாலிகிளினிக்குகளில் ஸ்பெஷலிஸ்ட், பல் மருத்துவர், லேப் எல்லாம் இருக்கும். திங்கட்கிழமையும், விடுமுறைக்கு மறுநாளும் கூட்டம் நெரியும். வயதானவரை அழைத்துப் போவதாக இருந்தால் அந்த நாட்களைத் தவிருங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய மருந்து மாதிரி தினமும் சாப்பிடும் மாத்திரைகள் மாதாமாதம் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். ஆனால் எல்லா மருந்தும் எல்லா நாளும் இருக்காது. இங்கேதான் நிறையப் பேர் கோபப்பட்டு, வெளியே பணம் கொடுத்து வாங்கிவிட்டு, பிறகு பில்லை நீட்டுகிறார்கள். அந்தப் பில் செல்லாது. இல்லாத மருந்துக்குச் சீட்டில் "என்ஏ" (கைவசம் இல்லை) என்று எழுதி முத்திரை வாங்குங்கள். பாலிகிளினிக்கோடு ஒப்பந்தம் உள்ள மருந்துக்கடை மூலம் வரவழைத்துத் தருவார்கள். அங்கேயும் கிடைக்காவிட்டால்தான், என்ஏ சான்றோடு வெளியே வாங்கி, பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கடையில் பில் வாங்கும்போது நோயாளி பெயர், மருந்தின் பேட்ச் எண், தேதி மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதானா என்று டாக்டரிடம் கேளுங்கள். என் அப்பா ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு வாரம் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார். பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்று முதல் மாத்திரை டப்பாவை நான்தான் நிரப்புகிறேன்.

ரெஃபரல் வாங்குவது

பாலிகிளினிக்கில் முடியாததற்கு ரெஃபரல், அதாவது வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டு, எழுதித் தருவார்கள். இது இல்லாமல் சாதாரண நாளில் தனியார் மருத்துவமனைக்குப் போனால் கார்டு செல்லாது. விதிவிலக்கு இரண்டு உண்டு. அவசரம் ஒன்று. விதியில் சொன்ன வயதைத் தாண்டிய முதியவர்கள் வெளிநோயாளியாக நேரடியாகவே எம்பேனல் ஆன மருத்துவமனைக்குப் போகலாம் என்பது இன்னொன்று.

எம்பேனல் என்றால் ஈசிஎச்எஸ்ஸோடு ஒப்பந்தம் போட்ட மருத்துவமனை. ஒப்பந்தம் எல்லாப் பிரிவுக்கும் இருக்காது. கண்ணுக்கு மட்டும், எலும்புக்கு மட்டும், லேபுக்கு மட்டும் என்றும் இருக்கும். பட்டியலும் மாறும். போன வருடம் இருந்த மருத்துவமனை இந்த வருடம் வெளியேறியிருக்கலாம். ரெஃபரல் எழுதும்போதே, "இந்த நோய்க்கு அங்கே இப்போது பார்க்கிறார்களா?" என்று கேட்டு, முடிந்தால் மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. பட்டியலில் இருக்கும் எதை வேண்டுமானாலும் நீங்கள் கேட்கலாம். தயங்காமல் பெயரைச் சொல்லுங்கள். சென்னை, வெலிங்டன் மாதிரி மிலிட்டரி ஆஸ்பத்திரி இருக்கும் இடங்களில் அங்கேயும் அனுப்புவார்கள். பல விஷயங்களுக்கு அது நல்லதுதான்.

ரெஃபரல் கையில் வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் படியுங்கள். பெயர், கார்டு எண், எந்தப் பிரிவு, வெளிநோயாளியாகவா உள்நோயாளியாகவா, எந்தத் தேதி வரை செல்லும். கடைசி இரண்டையும் பார்க்காமல் போய்த் திரும்பி வந்தவர்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன். ஆலோசனைக்கு என்று எழுதிய ரெஃபரலில் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். அங்குள்ள டாக்டர் ஆபரேஷன் வேண்டும் என்று எழுதினால், அந்தச் சீட்டோடு பாலிகிளினிக் திரும்பி வந்து அதற்கான ரெஃபரல் வாங்க வேண்டும். விலைப்பட்டியலில் இல்லாத சிகிச்சை என்றால் முன் அனுமதி வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.

இன்னொன்று. தனியார் டாக்டர் எழுதிய மருந்தை அந்த மருத்துவமனையின் மருந்துக்கடையில் வாங்காதீர்கள். சீட்டைப் பாலிகிளினிக்குக் கொண்டுவந்து அங்கே வாங்குங்கள். அலைச்சல்தான். 60 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அலைச்சல் என்று எனக்குத் தெரியும். ஆனால் விதி அதுதான்.

சேர்க்கும்போது

எம்பேனல் மருத்துவமனைகளில் ஈசிஎச்எஸ் டெஸ்க் தனியாக இருக்கும். அசல் கார்டு, ரெஃபரல், ஆதார் மூன்றையும் கொடுங்கள். ரெஃபரலின் நகல் இரண்டு எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டு ரேங்கைப் பொறுத்தது. ஹவில்தார் வரை ஜெனரல் வார்டு, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை செமி பிரைவேட், அதிகாரிகளுக்கு பிரைவேட். "ஜெனரலில் பெட் இல்லை, தனி ரூம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், கூடுதல் பணத்துக்குச் சம்மதம் என்று எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பாலிகிளினிக்குக்குப் போன் செய்யுங்கள்.

திட்டத்தில் அடங்கும் சிகிச்சைக்கு அட்வான்ஸோ, வித்தியாசப் பணமோ கேட்கக் கூடாது. கேட்டால், "எழுத்தில் கொடுங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும். நிற்காவிட்டால் பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரி, அதற்கு மேல் மண்டல மையம், அதற்கும் மேல் மத்திய அரசின் சிபிகிராம்ஸ் குறைதீர்ப்புத் தளம். பணம் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் அன்று பில்லில் உங்கள் கையெழுத்தை வாங்குவார்கள். வெற்றுத் தாளில் போட வேண்டாம். எத்தனை நாள், என்ன சிகிச்சை என்று படித்துவிட்டுப் போடுங்கள். உங்கள் பெயரில் போகும் அரசுப் பணம் அது. டிஸ்சார்ஜ் சம்மரியின் அசல் ஒன்று கண்டிப்பாகக் கையில் வேண்டும். தொடர் மருந்துக்கு அதுதான் ஆதாரம்.

அவசரம்: இதைச் சுவரில் ஒட்டுங்கள்

நேரம் இருந்தால், எம்பேனல் மருத்துவமனைக்குப் போங்கள். ரெஃபரல் தேவையில்லை. கார்டைக் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. "அனுப்பிவிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் இல்லையா? எது பக்கமோ அங்கே போங்கள். உயிர்தான் முதலில், கார்டெல்லாம் அப்புறம். எம்பேனல் இல்லாத இடம் என்றால் பணம் நீங்கள் கட்ட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டியதும் உங்கள் பொறுப்பு. போனில் சொன்னால் மட்டும் போதும் என்று இருக்காதீர்கள். மின்னஞ்சல் அனுப்புங்கள், அல்லது வீட்டில் ஒருவர் நேரில் போய்க் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கடிதத்தில் நோயாளி பெயர், கார்டு எண், மருத்துவமனை, சேர்த்த தேதி, நேரம், என்ன பிரச்சினை. ஐந்தே வரி. நிலைமை சீரானதும் எம்பேனல் மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள். செலவு அதோடு நிற்கும்.

வெளியே வரும்போது வாங்க வேண்டியவை: அவசர நிலையில் சேர்க்கப்பட்டார் என்ற டாக்டரின் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, விவரமான பில், பணம் கட்டிய ரசீதுகள், டெஸ்ட் ரிப்போர்ட்கள், ஸ்டென்ட் மாதிரி ஏதாவது வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர். திருப்பித் தருவது சிஜிஎச்எஸ் விலைப்படிதான், மருத்துவமனை போட்ட பில்படி அல்ல. எங்களுக்கு ஒரு பங்கு மட்டும் வந்ததற்கு அதுவும் காரணம்.

எங்கள் வீட்டில் இப்போது பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பாலிகிளினிக் போன் நம்பர், மின்னஞ்சல், பக்கத்தில் உள்ள இரண்டு எம்பேனல் மருத்துவமனைகள், கார்டு எண்கள், அப்பாவின் ரத்த வகை, அவர் சாப்பிடும் மாத்திரைகள். கார்டுகள் வாசலுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு சின்னப் பையில் தொங்குகின்றன. அம்மா தமிழ் மட்டும்தான் படிப்பார், அதனால் தாளும் தமிழில்தான்.

வருடா வருடம் செய்ய வேண்டியது

சார்ந்திருப்போரின் தகுதியை ஆண்டுதோறும் உறுதிப்படுத்தும் நடைமுறை இருக்கிறது. விட்டால் கார்டு முடங்கும், அது தெரிய வருவது கவுண்டரில் நிற்கும்போதுதான். மகனுக்கு வேலை கிடைத்தால், மகளுக்குத் திருமணமானால், நீங்களே சொல்லி அந்தக் கார்டை ஒப்படைத்துவிடுங்கள். தகுதி இல்லாதவர் பயன்படுத்தியது தெரிந்தால் பாதிக்கப்படுவது மொத்தக் குடும்பத்தின் உறுப்பினர் தகுதி.

70 வயது தாண்டியவர்களிடம் ஆயுஷ்மான் பாரத் கார்டுக்குப் பதிவு செய்யச் சொல்லி வருவார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், ஈசிஎச்எஸ் உறுப்பினர்கள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்ற வரம்பு உண்டு, வெளிநோயாளி மருந்து மாத்திரையும் கிடையாது. ஈசிஎச்எஸ்ஸை விட்டுவிடாதீர்கள்.

பென்ஷன் இல்லாதவர்களுக்கு

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. ஹவில்தார் ரேங்க் வரை உள்ளவர்களுக்கும், அவர்களின் விதவை மனைவியருக்கும் மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு மூலம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை மருத்துவ உதவி உண்டு. பட்டியலில் உள்ள கடும் நோய்களுக்கு எல்லா ரேங்குக்கும் 1.5 லட்சம் வரை தனி உதவி இருக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில். சரிபார்த்து மேலே அனுப்புவது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் வருமான வரம்புக்குள் இருந்தால் பதிவு செய்யுங்கள்.

அவர் இல்லாத நாளில்

படைவீரர் காலமானால் மனைவிக்கு ஈசிஎச்எஸ் நின்றுவிடாது. ஆனால் தானாகத் தொடரவும் செய்யாது. இறப்புச் சான்றிதழ் வாங்கி, ஸ்பர்ஷில் குடும்பப் பென்ஷனை மாற்றி, அந்தப் பிபிஓவோடு ஈசிஎச்எஸ் இணையதளத்தில் உறுப்பினர் பெயரைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய கார்டை ஒப்படைத்துப் புதியது வாங்க வேண்டும். அதற்கு இடையில் மருந்து நிற்காமல் இருக்க, பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரியைப் பார்த்துத் தற்காலிக ஸ்லிப் கேளுங்கள். ஓடிபி எல்லாம் பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும். அவர் போன பிறகு அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, அது முடங்கிப்போன குடும்பங்கள் உண்டு. எல்லா மாற்றமும் முடியும்வரை அந்த எண் உயிரோடு இருக்கட்டும்.